டிப்ளமோதானே?

மதுரையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தவன். கனடாவின் டொரொன்டோவில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். "அக்கா, படிப்பு ஈசிதான? நாம டிகிரியே முடிச்சாச்சு, இது வெறும் டிப்ளமோ. வேல பாத்துக்கிட்டே ஓட்டிரலாம்னு ஏஜென்ட் சொல்றாரு" என்று கேட்டிருந்தான். பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பி.காம். முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் டாலி தட்டிக்கொண்டிருந்தேன். 2023 செப்டம்பரில் இங்கே டொரொன்டோவுக்கு வந்து, அதே மாதிரி இரண்டு வருட டிப்ளமோவை முடித்து, இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் எந்த அரசு கல்லூரியில் சேர்ந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

ஊரில் இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னதும் என் பெரிய மாமா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "என்னட்டி, காலேஜ் முடிச்சிட்டு அங்க போயி டிப்ளமோ படிக்கப் போறேங்க? பின்னால போறியா, முன்னால போறியா?" அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் டிப்ளமோ என்றால் பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். மார்க் இருப்பவன் பிளஸ் டூவுக்குப் போவான், இல்லாதவன் பாலிடெக்னிக் போவான் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறோம். இங்கே வந்து தடுமாறுகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கல்லூரிகள் எதற்காக வந்தன என்று பாருங்கள். ஒன்டாரியோவில் இன்று 24 அரசு கல்லூரிகள் இருக்கின்றன. அப்போது கல்வி அமைச்சராக இருந்த பில் டேவிஸ் 1965இல் கொண்டுவந்த சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. முதல் கல்லூரியான சென்டெனியல் 1966இல் திறந்தது, அதுவும் நம்மவர்கள் நிறைந்த, டொரொன்டோவின் இதே ஸ்கார்பரோ பகுதியில். (அப்போது இங்கே தமிழ்க் கடை ஒன்றுகூட இருந்திருக்காது.) பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கும், பாதி வயதில் புதிதாக ஒரு தொழில் கற்க வருகிறவர்களுக்கும் வேலை கற்றுக்கொடுக்கும் இடங்களாகத்தான் இவற்றைக் கட்டினார்கள். ஒரு வருடம் படித்தால் சர்டிஃபிகேட், இரண்டு வருடத்துக்கு டிப்ளமோ, மூன்று வருடத்துக்கு அட்வான்ஸ்டு டிப்ளமோ. ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்கு கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்று தனியாக ஒன்று உண்டு, பெரும்பாலும் ஒரு வருடம்.

இந்தக் கடைசி வகையில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சேர்வார்கள். பெயர்கள் பிரமாதமாக இருக்கும்: சைபர் செக்யூரிட்டி, கிளவுட், செயற்கை நுண்ணறிவு. மாமாவிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதல் வகுப்பிலேயே நெட்வொர்க் தெரியும், லினக்ஸ் தெரியும், ஏதாவது ஒரு மொழியில் நிரல் எழுத வரும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் ஓடும். கம்ப்யூட்டர் படித்து வந்தவர்களுக்கு அது நல்ல படிப்பு. பி.காம்., மெக்கானிக்கல், பயோடெக் ஆட்களுக்கு, என்னைக் கேட்டால், பூஜ்யத்தில் தொடங்கும் இரண்டு வருட டிப்ளமோவே மேல். இதில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. வரட்டும்.

எங்கள் முதல் நாள் வகுப்பில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? பள்ளி முடித்த கையோடு வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் பாதி. முதுகு வலியால் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வந்த ஒருவர், வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். இங்கேயே பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பெண். குழந்தை வளர்ந்துவிட்டது, இனி வேலைக்குப் போகலாம் என்று வந்த ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா. மிச்சம் நாங்கள், பஞ்சாப், குஜராத், கேரளா, தமிழ்நாடு, நேபாளம். அந்தத் தத்துவப் பெண்ணுக்கு டிகிரிக்குப் பின் டிப்ளமோ படிப்பது கௌரவக் குறைச்சலாகவே படவில்லை. "அது யோசிக்கக் கற்றுக்கொள்ள, இது சம்பாதிக்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

சரி, படிப்பு ஈசியா?

முதல் செமஸ்டரின் நடுநாயகம் சி மொழி. டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவாக்கியது. ஐம்பது வயது தாண்டிய மொழியை எதற்கு 2023இல் கற்றுக்கொடுக்கிறார்கள், பைதானில் தொடங்கினால் என்ன என்று எல்லாரும் முணுமுணுத்தோம். சில கல்லூரிகள் அப்படியும் தொடங்குகின்றன. சி மொழியில் ஒரு வசதி, அது எதையும் மறைக்காது. ஒரு எண்ணை வாங்கிச் சேமிக்க வேண்டுமென்றால் நினைவகத்தில் எந்த முகவரியில் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முகவரிக் குறியை விட்டுவிட்டால் நிரல் ஓடத் தொடங்கி, நடுவில் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுச் சாகும். எந்த வரியில், எதனால், ஒன்றும் சொல்லாது.

பத்து இடம் உள்ள வரிசையில் பதினொன்றாவது இடத்தில் எதையாவது எழுதினாலும் சி தடுக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் போய் எழுதிவிட்டு வரும். சில நாள் நிரல் சரியாகவே ஓடுவது போலவும் இருக்கும். ஆசிரியர் முன்னால் ஓட்டிக் காட்டும்போது மட்டும் உடையும்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. பெயரைச் சேமிக்க இருபது எழுத்து இடம் போதும் என்று புத்தகத்து எடுத்துக்காட்டில் இருக்கும். ஜான், மேரிக்கு அது தாராளம். என் வகுப்பில் ஒரு பாலசுப்பிரமணியன் சிவராமகிருஷ்ணன் இருந்தார். அவர் தன் பெயரைத் தட்டும்போதெல்லாம் நிரல் செத்துப்போகும். பயனர் எதைத் தட்டுவார் என்று நம்பக் கூடாது என்பதை ஆசிரியர் விளக்கத் தேவையே இல்லாமல் போனது.

ஒரு ராத்திரி சும்மா விளையாட்டாக, சொல்லின் நீளத்தை எண்ணும் செயற்கூற்றிடம் "தமிழ்" என்று கொடுத்துப் பார்த்தேன். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. அது 15 என்றது. யூனிகோடில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐமூன்று பதினைந்து. சி எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தபோது வந்த சந்தோஷம், பி.காமில் மூன்று வருடமும் எனக்கு வந்ததில்லை. ஆடிட்டர் மன்னிக்கட்டும்.

பயிற்சிகளைக் கல்லூரியின் லினக்ஸ் சர்வரில் ஏற்றிச் சமர்ப்பிக்க வேண்டும். அங்கே ஒரு திருத்தும் நிரல் இருக்கிறது. நம் நிரல் திரையில் காட்டுவதை, எதிர்பார்க்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு இடைவெளி கூடுதலா, முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முக்காற்புள்ளியா, ஏற்றுக்கொள்ளாது. "விடை சரிதானே, ஒரு ஸ்பேஸ்தானே" என்று மன்றாட அங்கே ஆள் கிடையாது. ராத்திரி 11:59 கெடு. லேபில் அந்த ஒரு இடைவெளியைத் தேடி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று எனக்குச் சம்பளமே அதற்குத்தான் கொடுக்கிறார்கள்: எங்கே ஒரு இடைவெளி கூடுதல், எந்த ரசீதில் சென்ட் ஒன்று இடிக்கிறது என்று தேடுவதற்கு.

சர்வர் என்றதும் லினக்ஸ் வருகிறது. சுட்டியும் படமும் இல்லாத கறுப்புத் திரை. கோப்பு அனுமதிகளை எண்ணாகச் சொல்ல வேண்டும்: படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. ஏழு என்றால் மூன்றும் உண்டு, ஐந்து என்றால் படிக்கலாம், ஓட்டலாம், எழுத முடியாது. டாலியில் யாருக்கு எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்று உரிமை கொடுத்துப் பழகிய எனக்கு அது பழகிய ஊர் மாதிரி இருந்தது. விஐ எடிட்டரிலிருந்து வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல. எங்கள் லேபிலும் இருந்தார்கள்.

கணினியே இல்லாத ஒரு பாடமும் உண்டு. பிரச்சினையைப் பகுத்து, படிப்படியாகக் காகிதத்தில் எழுதி, பாய்வுப்படம் வரைய வேண்டும். நிரல் எழுதினால் மார்க் கிடையாது. நம் பி.இ. அண்ணன்மார் இந்தப் பாடத்தைத்தான் மிகவும் அலட்சியமாகப் பார்த்தார்கள். இதில்தான் அவர்களுக்கு முதல் அடியும் விழுந்தது. ஊரில் கல்லூரியில் சி ஒரு செமஸ்டர் படித்திருப்பார்கள், லேப் ரெக்கார்டில் இருபது நிரல்களை அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்கள், பரீட்சையில் அதில் ஒன்று வரும். "எனக்கு சி தெரியும்" என்று உட்கார்ந்திருந்தவர்களிடம், காகிதத்தில் ஒரு நிரலைக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு இருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். அறை அமைதியானது. ஒன்றுமே தெரியாது என்று வந்த லாரிக்காரர் அந்தத் தேர்வில் எங்களில் முக்கால்வாசிப் பேரைவிட அதிகம் வாங்கினார். அவர் ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரிடம் போய் நின்றவர். நாங்கள் கேள்வி கேட்பதற்கே கூச்சப்படுகிறவர்கள். ஆசிரியர்களுக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் அறையில் உட்கார்ந்து மாணவர்களைச் சந்திக்க வேண்டும் என்று உண்டு. பல வாரம் அந்த அறை காலியாகத்தான் கிடக்கும். நம் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் "யாருக்காச்சும் லேப் ஃபோர் விடை இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இனி தம்பியின் ஏஜென்ட் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பாடங்கள் சங்கிலியாகக் கோத்தவை. முதல் செமஸ்டர் சி தேறினால்தான் இரண்டாவதில் சி++ எடுக்க முடியும். அது தேறினால்தான் மூன்றாவதில் அடுத்தது. எங்கள் கல்லூரியில் இன்னொரு விதி: லேபிலும் அசைன்மென்டிலும் அள்ளிக் குவித்த மார்க், எழுத்துத் தேர்வில் தோற்றவரைக் காப்பாற்றாது. தேர்வுகளைத் தனியாகவும் தேற வேண்டும். உள்ளூர் மாணவன் ஒருவன் சி பாடத்தில் தோற்றால், அந்த ஒன்றை மட்டும் அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொண்டு பகுதி நேரமாகப் படிப்பான். வெளிநாட்டு மாணவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. படிப்பு அனுமதியின்படி கடைசி செமஸ்டர் தவிர மற்றதில் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அதனால் தோற்ற பாடத்தோடு, தேவைப்படுகிறதோ இல்லையோ, வேறு பாடங்களையும் எடுத்து நிரப்ப வேண்டும். நாலு செமஸ்டர் ஐந்தாகும். ஐந்தாவதுக்கும் கட்டணம் உண்டு.

கட்டணம் எவ்வளவு என்றால், எனக்கு வருடத்துக்குப் பதினேழாயிரம் டாலர் பக்கம் வந்தது. அப்போதைய மதிப்பில் பத்து லட்ச ரூபாய்க்கு மேல். அதே வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இந்த ஊர்ப் பையன் கட்டியது மூவாயிரத்துக்குப் பக்கத்தில். 2019இல் ஒன்டாரியோ அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, பிறகு ஏற்றாமல் நிறுத்தி வைத்தது. பள்ளத்தை நிரப்ப கல்லூரிகள் எங்களை நம்பின. 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்ததும் பல கல்லூரிகள் படிப்புகளை நிறுத்தத் தொடங்கின. ஆதலால், சேரப்போகிற படிப்பு அடுத்த வருடமும் நடக்குமா என்று கல்லூரியிடமே நேராகக் கேளுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பதே கல்லூரிதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வேல பாத்துக்கிட்டே ஓட்டிரலாம்" என்பதற்கு வருவோம். நான் வந்த சமயம் ஒரு விசித்திரமான காலம். வெளிநாட்டு மாணவர் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பை 2022 நவம்பரில் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். 2024 ஏப்ரல் கடைசி வரை அப்படித்தான் இருந்தது. முதல் குளிர்காலத்தில் என் அறைத்தோழி கிடங்கு ஒன்றில் வாரம் நாற்பது மணி நேரம் வேலை பார்த்தாள். நல்ல காசு. இரண்டாவது செமஸ்டர் பாயின்டர்களும் கிளாஸ்களும் வந்தபோது அவள் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் வீட்டில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து வாரம் 24 மணி நேரம் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். 2025 அக்டோபரிலிருந்து ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். பெருக்கிப் பாருங்கள், வாரத்துக்கு 422 டாலர், பிடித்தம் போக இன்னும் குறையும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். அடுத்த வருடக் கட்டணத்தை இதில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கால்குலேட்டரை அவர் கையில் கொடுங்கள். நீண்ட விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை கிடைக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு காபிக்கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் தெருமுனை வரை வரிசை நின்ற காலமும் பார்த்தேன்.

நான் சனி, ஞாயிறு மட்டும் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நின்றேன். பலாக்கொட்டையையும் மரவள்ளிக்கிழங்கையும் எடை போட்டுக்கொண்டே மனசுக்குள் அடுக்கு வரிசை நிரலை ஓட்டிப் பார்ப்பேன். தங்கியிருந்தது மார்க்கம் ரோடு பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டின் பேஸ்மென்டில். "பிள்ளை, இரவிரவா லைட் எரியுது, சாப்பிட்டனீரோ?" என்று மேலிருந்து குரல் வரும். அவர் வந்த காலத்தில் பகலில் தொழிற்சாலை, இரவில் ஆங்கில வகுப்பு என்று இருந்தவர். என் டிப்ளமோவை அவர் ஒரு நாளும் குறைவாகப் பேசியதில்லை. அவருடைய மூத்த மகன் இதே மாதிரி ஒரு கல்லூரியில் மின்னியல் படித்துத்தான் வீடு வாங்கினான்.

போக்குவரத்து தனிக்கதை. ஸ்கார்பரோவின் மூன்றாம் எண் ரயில் நான் வருவதற்கு முன்னால் 2023 ஜூலையில் தடம் புரண்டு, பிறகு ஓடவே இல்லை. ரயில் இருந்த இடத்தில் பஸ். ஜனவரியில் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் நான் டேட்டாபேஸ் பாடத்தின் பாதியைப் படித்தேன்.

டேட்டாபேஸ் எனக்குப் பிடித்த பாடம். எட்கர் காட் என்ற கணிதக்காரர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்தது இந்த அட்டவணை முறை. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதாதே என்பதுதான் அதன் சாரம். கணக்குப்பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன. முதல் அசைன்மென்டில் வாடிக்கையாளர் அட்டவணை அமைக்கச் சொன்னார்கள். முதல் பெயர், குடும்பப் பெயர், இரண்டும் காலியாக இருக்கக் கூடாது என்று எல்லாரும் எழுதினார்கள். நான் கை தூக்கினேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்றேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால், இந்தக் கல்லூரியே முதல் செமஸ்டர் முழுக்க என்னை என் அப்பா பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆசிரியர் சிரித்துவிட்டு அந்த வகுப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். இந்தோனேசியப் பையன் தனக்கு ஒரே பெயர்தான் என்றான். பிலிப்பைன்ஸ் அம்மா தனக்கு நாலு என்றார். காலி விடலாமா கூடாதா என்ற ஒரு சின்ன விதிக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

காப்பி அடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மூரில் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது உதவி. இங்கே அது குற்றம், கொடுத்தவருக்கும் சேர்த்து. இரண்டு மாணவர்களின் நிரல்களை ஒப்பிட மோஸ் என்ற மென்பொருள் 1994இலிருந்தே இருக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றினாலும் குறிப்புரைகளை அழித்தாலும் அது ஏமாறாது, நிரலின் எலும்புக்கூட்டைப் பார்க்கும். முதல் முறை பிடிபட்டால் பூஜ்யம், மறுபடி பிடிபட்டால் பாடத்திலேயே தோல்வி என்று எங்களுக்குச் சொன்னார்கள். தோல்வி என்றால் மேலே சொன்ன சங்கிலி.

சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் சிக்கல். அசைன்மென்டை அது முப்பது விநாடியில் எழுதிக் கொடுக்கும். ஆசிரியர்கள் அதற்கு ஒரு எளிய மருந்து வைத்திருந்தார்கள்: சமர்ப்பித்த நிரலை எதிரில் உட்கார்ந்து விளக்கு, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல். சொந்தமாக எழுதியவன் தப்பும் தவறுமாகவாவது பேசுவான். மற்றவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அதைப் பயன்படுத்தவே இல்லை என்று சொன்னால் பொய். பிழைச் செய்தியைக் கொடுத்து விளக்கம் கேட்பேன், நிரல் கேட்க மாட்டேன். இந்த வேலிக்குக் காரணம் ஒழுக்கம் இல்லை. தேர்வறையில் காகிதமும் பேனாவும்தான் என்பது எனக்குத் தெரியும்.

படித்து முடித்தால் வேலை? நான் முடித்த 2025 வசந்தம் நல்ல நேரம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நிரல் எழுதும் வேலைகள் சுருங்கிப்போயிருந்தன. எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் சி++ இல்லை. நேர்முகத்தில் ஒரு பிரீமியம் கணக்கைக் காட்டி, இதில் தவறு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார்கள். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து, வித்தியாசம் வரும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டினேன். வரவும் பற்றும் ஒத்துப்போகாத இடத்தைத் தேடுவது கோயம்புத்தூரிலேயே பழகிய வேலை. மெக்கானிக்கல் படித்த தம்பிக்கும் இப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்கும். பழைய படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டாம்.

விதிகள் என் காலத்திலிருந்து நிறைய மாறிவிட்டன. நான் வங்கியில் வைப்பாகப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது 10,000 டாலர். 2025 செப்டம்பரிலிருந்து, கட்டணம் போக, தனி ஆளுக்கு 22,895 டாலர் இருப்புக் காட்ட வேண்டும். இரண்டு வருடப் படிப்பு முடித்தால் மூன்று வருடம் வேலை அனுமதி உண்டு, வாழ்நாளில் ஒரே தடவைதான். ஆனால் 2024 நவம்பர் 1க்குப் பிறகு படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்த டிப்ளமோ மாணவர்களுக்கு, படித்த துறை அரசின் பட்டியலில் இருந்தால்தான் அந்த அனுமதி. மொழித் தேர்வும் உண்டு. அந்தப் பட்டியல் 2025இல் ஒரு தரம் மாறி, சில நாளிலேயே மறுபடி மாறியது. எனவே ஏஜென்டின் பிரசுரத்தையோ என் பதிவையோ நம்பி முடிவெடுக்காமல், விண்ணப்பிக்கிற அன்று குடிவரவுத் துறையின் தளத்தில் உங்கள் படிப்பின் குறியீட்டு எண்ணைத் தேடிப் பாருங்கள். அரசு கல்லூரியின் பெயரில் தனியார் நடத்தும் கிளைகள் பக்கம் போகவே வேண்டாம். 2024 மே 15க்குப் பிறகு அவற்றில் சேர்ந்தவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால், காசே செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. முதல் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை சி மொழிதான், எங்கள் முதல் செமஸ்டரில் பார்த்ததில் பாதி அங்கேயே வந்துவிடும். நாலாம் வாரம் பாயின்டர். அந்த வாரத்துப் பயிற்சிகளை யாரையும் கேட்காமல், எதையும் பார்த்து எழுதாமல், ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எரிச்சல் வரும், எல்லாருக்கும் வரும். மறுநாள் காலையில் அதையே திரும்பத் திறந்து பார்க்கத் தோன்றுகிறதா? தோன்றினால் ஏஜென்டுக்குப் போன் பண்ணுங்கள்.